திரைச்சுவர்த் தரக் கட்டுப்பாடு

திரைச்சுவர்த் தரக் கட்டுப்பாடு என்பது, கட்டிடங்களின் வெளிப்புறத்தை மூடும் திரைச்சுவர்களுக்கான பொருட்களைத் தெரிவு செய்தல், தொழிற்சாலையில் உருவாக்குதல், கட்டிடத்தில் பொருத்துதல் ஆகிய ஒவ்வொரு கட்டத்திலும் வேலை வரைபடங்களுக்கும் சீர்தரங்களுக்கும் ஏற்ப நடைபெறுகின்றதா எனச் சோதித்து உறுதி செய்யும் முறைகளின் தொகுப்பு ஆகும். உயரமான கட்டிடங்களின் திரைச்சுவர்கள் பெரும்பாலும் அலுமினியச் சட்டங்களாலும் கண்ணாடிப் பலகைகளாலும் ஆனவை. நூறு கிலோகிராமுக்கும் கூடுதலான எடை கொண்ட பலகைகள் மக்கள் நடமாடும் தெருக்களுக்கு மேல் பல பத்தாண்டுகள் தொங்கிக் கொண்டிருப்பதால், இவற்றின் தரம் அழகு சார்ந்தது மட்டுமன்றி, உயிர்ப் பாதுகாப்புச் சார்ந்ததும் ஆகும்.

திரைச்சுவரின் முதன்மையான இணைப்புகளில் பெரும்பாலானவை வேலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாங்கிகள் உட்கூரைக்கு மேலும் தரை முடிப்புக்குக் கீழும் மறைந்துவிடுகின்றன. பசை இணைப்புகள் கண்ணாடிக்கும் சட்டத்திற்கும் நடுவே மறைந்துவிடுகின்றன. எனவே முடிந்த சுவரை மட்டும் பார்த்து அதன் தரத்தைத் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு பகுதியும் மூடப்படுவதற்கு முன்னரே சோதிக்கப்பட வேண்டும் என்பதே இத்துறையின் அடிப்படைக் கொள்கையாகும்.

திரைச்சுவரின் அமைப்பு

திரைச்சுவர் கட்டிடத்தின் சுமையைத் தாங்குவதில்லை. அது தன் சொந்த எடையையும், தன்மீது மோதும் காற்றின் விசையையும் மட்டும் ஏற்று, அவற்றைத் தாங்கிகள் வழியாகக் கட்டிடத்தின் தளங்களுக்குக் கடத்துகின்றது. சான் பிரான்சிஸ்கோவில் 1918 இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலிடி கட்டிடம் இவ்வகைக் கண்ணாடிச் சுவர் கொண்ட தொடக்ககாலக் கட்டிடங்களுள் ஒன்று. நியூயார்க்கில் 1952 இல் திறக்கப்பட்ட லீவர் அவுஸ் இம்முறை உலகெங்கும் பரவ வழிவகுத்தவற்றுள் ஒன்றாகும்.

உருவாக்கும் முறையைப் பொறுத்துத் திரைச்சுவர்கள் இரண்டு வகைப்படும்.

* சட்டமுறை: செங்குத்துச் சட்டங்களும் கிடைச் சட்டங்களும் தனித்தனியாகக் கட்டிடத்திற்குக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே பொருத்தப்பட்டு, பின்னர் கண்ணாடி இடப்படும். வேலையின் பெரும்பகுதி கட்டிடத் தளத்தில் நடைபெறுவதால் தரம் வேலையாட்களின் திறமையையும் வானிலையையும் பெரிதும் சார்ந்திருக்கும்.
* கூறுமுறை: பொதுவாக ஒரு மாடி உயரம் கொண்ட கூறுகள் கண்ணாடியுடன் தொழிற்சாலையிலேயே முழுமையாக்கப்பட்டு, பாரந்தூக்கி மூலம் தூக்கி மாட்டப்படும். சோதனைகளைத் தொழிற்சாலையில் ஒழுங்காகச் செய்யலாம். ஆனால் அங்கே நேரும் ஒரு தவறு நூற்றுக்கணக்கான கூறுகளில் திரும்பத் திரும்ப வரக்கூடும்.

தரக் குறைபாடுகளும் விளைவுகளும்

ஜான் அன்காக் கோபுரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பாஸ்டன் நகரில் உள்ள 60 மாடி ஜான் அன்காக் கோபுரம், திரைச்சுவர் வரலாற்றில் மிகுதியாக எடுத்துக்காட்டப்படும் தோல்விகளுள் ஒன்றாகும். கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது, 1973 சனவரியில் வீசிய கடுங்காற்றில் பல கண்ணாடிகள் உடைந்தன. ஒவ்வொரு பலகையும் சுமார் 1.2 மீட்டர் அகலமும் 3.5 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 230 கிலோகிராம் எடையும் கொண்டது. தொடர்ந்து உடைந்த கண்ணாடிகளின் இடத்தில் ஒட்டுப்பலகைகள் அடைக்கப்பட்டன; காற்று வலுக்கும் நேரங்களில் சுற்றியிருந்த தெருக்கள் மூடப்பட்டன. இறுதியில் கட்டிடத்தின் 10,344 கண்ணாடிகளும் அகற்றப்பட்டு வேறுவகைக் கண்ணாடிகள் இடப்பட்டன. கட்டிடம் 1976 இல் திறக்கப்பட்டது.

காற்றில் கட்டிடம் மிகுதியாக அசைந்தது வேறு ஒரு சிக்கலாக இருந்தபோதும், கண்ணாடிகள் உடைந்ததற்கு அது காரணமாக இருக்கவில்லை. இரட்டைக் கண்ணாடிகளைப் பிரித்து நிறுத்திய ஈய இடைச்சட்டத்தின் பற்றவைப்பே காரணமாகக் கண்டறியப்பட்டது. அந்தப் பிணைப்பு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தது. வெப்பத்தாலும் காற்றாலும் கண்ணாடி திரும்பத் திரும்ப அசைந்தபோது ஈயத்தில் தோன்றிய வெடிப்பு, விட்டுக்கொடுக்காத பிணைப்பின் வழியாகக் கண்ணாடிக்குள்ளும் சென்றது. தனித்தனியே குறையற்ற பொருட்கள் ஒன்றாக இணையும்போது எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைச் சோதிக்க வேண்டியதன் தேவையை இந்நிகழ்வு காட்டியது. வலுவான இணைப்பு மட்டும் போதாது. அசைவுக்கு இடம் கொடுக்கும் இணைப்பே நல்ல இணைப்பாகும்.

பிற எடுத்துக்காட்டுகள்

லீவர் அவுஸ் கட்டிடத்தில் நீர் உட்புகுந்ததால் சட்டங்களுக்குள் இருந்த எஃகுப் பகுதிகள் துருப்பிடித்து விரிந்து கண்ணாடிகளை உடைத்தன. இதனால் அதன் திரைச்சுவர் முழுவதும் 2000களின் தொடக்கத்தில் மாற்றப்பட வேண்டியதாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் 62 மாடி பர்ஸ்ட் இன்டர்ஸ்டேட் வங்கிக் கட்டிடத்தில் 1988 மே 4 அன்று 12 ஆவது மாடியில் பற்றிய தீ 16 ஆவது மாடி வரை பரவியது. வெளிப்புறச் சன்னல்களுடன், தளத்தின் விளிம்புக்கும் திரைச்சுவருக்கும் இடையிலான இடைவெளியும் தீ மேலேறிய வழிகளுள் ஒன்றாக இருந்தது.

மாதிரிச் சுவர்ச் சோதனை

பெரிய கட்டிடங்களில், உற்பத்தி தொடங்குமுன் திரைச்சுவரின் ஒரு பகுதி முழு அளவில் சோதனைக்கூடத்தில் கட்டிச் சோதிக்கப்படுகின்றது. இது மாதிரிச் சுவர் எனப்படும். உண்மையான வேலையில் பயன்படவுள்ள அதே பொருட்களையும் அதே இணைப்புகளையும் கொண்டே இது கட்டப்பட வேண்டும். பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கச் சீர்தரங்களின்படி முதன்மையான சோதனைகள் பின்வருமாறு:

* காற்றுக் கசிவு (ஏஎஸ்டிஎம் ஈ 283): சுவரின் இரு பக்கங்களுக்கும் இடையே அழுத்த வேறுபாட்டை உண்டாக்கி, ஊடுருவும் காற்றின் அளவு கணக்கிடப்படுகின்றது.
* நிலை அழுத்த நீர்க் கசிவு (ஏஎஸ்டிஎம் ஈ 331): ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்திற்குச் சுமார் 3.4 லிட்டர் வீதம் நீர் தெளிக்கப்பட்டு, அதே வேளையில் காற்றழுத்தமும் கொடுக்கப்படுகின்றது. வழக்கமான சோதனை நேரம் 15 நிமிடங்கள்.
* இயங்கு அழுத்த நீர்க் கசிவு (ஏஏஎம்ஏ 501.1): வானூர்தி எந்திரத்தின் உந்துசுழலியைச் சுவரின் முன் நிறுத்தி, புயல்மழை போல நீருடன் காற்று வீசச் செய்யப்படுகின்றது.
* கட்டமைப்பு வலிமை (ஏஎஸ்டிஎம் ஈ 330): வடிவமைப்புக் காற்றழுத்தத்தில் சட்டங்களின் வளைவு அளக்கப்படும். பின்னர் அந்த அழுத்தத்தின் 150 விழுக்காடு கொடுக்கப்பட்டு, நிலையான உருமாற்றம் ஏற்பட்டுள்ளதா எனப் பார்க்கப்படும்.
* மாடிகளின் பக்கவாட்டு அசைவு (ஏஏஎம்ஏ 501.4): நிலநடுக்கத்தின்போது ஒரு மாடி மற்றொன்றைவிடக் கூடுதலாக நகர்வதுபோல் சுவர் நகர்த்தப்படுகின்றது.

ஐரோப்பிய நாடுகளில் ஈஎன் 13830 என்னும் சீர்தரம் பயன்படுகின்றது. இந்தியாவில் காற்றுச் சுமைகள் ஐஎஸ் 875 சீர்தரத்தின் மூன்றாம் பகுதிப்படி கணக்கிடப்படுகின்றன.

மாதிரிச் சுவர் முதல் முறையே எல்லாச் சோதனைகளிலும் தேறுவது கட்டாயமன்று; குறைகளைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். ஆனால் சோதனைக்கூடத்தில் கசிவை நிறுத்துவதற்காகச் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் வரைபடங்களில் பதிவு செய்யப்பட வேண்டும். அவ்வாறு பதியாவிட்டால், தேறிய சுவர் ஒன்றாகவும் கட்டிடத்தில் ஏறும் சுவர் வேறொன்றாகவும் ஆகிவிடும்.

பொருட்களின் தரம்

அலுமினியம்

சட்டங்களுக்குப் பெரும்பாலும் 6063 வகை அலுமினியக் கலவை பயன்படுகின்றது. தொழிற்சாலைக்கு வரும் சட்டங்களில் சுவர்த்தடிப்பு, நேர்த்தன்மை, முறுக்கம், கடினத்தன்மை ஆகியவை சோதிக்கப்படுகின்றன. மேற்பூச்சின் தடிப்பு, உலோகத்தைச் சேதப்படுத்தாத மின்சுழிப்பு அளவி கொண்டு மைக்ரோமீட்டர் அளவில் அளக்கப்படுகின்றது.

அலுமினியத்தின் வெப்ப விரிவு கண்ணாடியினதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஆகும். 3.5 மீட்டர் நீளமுள்ள ஒரு சட்டம் வெப்பநிலை 50 பாகை செல்சியஸ் மாறும்போது சுமார் 4 மில்லிமீட்டர் நீளம் மாறுகின்றது. இதற்கான இடைவெளியை வெட்டும்போதே சரியாக விடவேண்டும்.

கண்ணாடி

வெப்பப்படுத்தி விரைவாகக் குளிர்விக்கப்பட்ட கடினமாக்கிய கண்ணாடி, உடையும்போது சிறு துண்டுகளாகச் சிதறுகின்றது. ஈஎன் 12150 சீர்தரப்படி, 4 முதல் 12 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள கண்ணாடியை உடைத்துப் பார்க்கும்போது 50 மில்லிமீட்டர் சதுரத்திற்குள் குறைந்தது 40 துண்டுகள் இருக்க வேண்டும்.

இவ்வகைக் கண்ணாடிக்கு உரிய ஒரு குறை, நிக்கல் சல்பைடு துகளாகும். உருக்கும்போது கலந்துவிடும் இம்மிகச் சிறிய துகள், விரைவாகக் குளிர்விக்கப்படும்போது தன் உயர்வெப்ப நிலையிலேயே சிக்கிக்கொள்கின்றது. பின்னர் மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்து அது தாழ்வெப்ப நிலைக்கு மாறிப் பருத்து, வெளிப்படையான காரணம் எதுவும் இன்றிக் கண்ணாடியை உடைத்துவிடும். இதைக் கண்களால் கண்டறிவது நடைமுறையில் இயலாது. ஆகவே கண்ணாடிகள் 260 முதல் 290 பாகை செல்சியஸ் அளவுள்ள சூளையில் பல மணி நேரம் வைக்கப்படுகின்றன. குறையுள்ளவற்றில் பெரும்பாலானவை அங்கேயே உடைந்துவிடும். இச்சோதனை இடரை மிகவும் குறைக்கின்றது, முற்றாக நீக்குவதில்லை.

இரட்டைக் கண்ணாடி அலகுகளில் விளிம்பு அடைப்புகளின் தொடர்ச்சி சோதிக்கப்படும். இரு கண்ணாடிகளுக்கும் இடையில் பனிபோல் ஈரம் படிந்தால் அடைப்பு கெட்டுவிட்டது என்பது பொருள்.

கட்டமைப்புச் சிலிக்கோன்

சில திரைச்சுவர்களில் கண்ணாடியைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டைகள் வெளியே இருப்பதில்லை. சிலிக்கோன் பசையே கண்ணாடியைச் சட்டத்துடன் பிணைக்கின்றது. நான்கு பக்கமும் இவ்வாறு ஒட்டப்பட்ட முதல் கட்டிடம் 1971 இல் டிட்ராய்ட் நகரில் அமைந்தது. தரக் கட்டுப்பாட்டில் மிகுந்த கவனம் வேண்டும் பகுதி இதுவே.

பசையின் பிணைப்பு அகலம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, ஐஎஸ் 875 சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் அடிப்படைக் காற்று வேகத்தைத் தருகின்றது. அவ்வேகத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1.5 கிலோபாஸ்கல் ஆகும். கட்டிடத்தின் உயரம், வடிவம் முதலியவற்றிற்கான காரணிகளால் இது மேலும் மாறும். இந்த அழுத்தத்தை மட்டும் கொண்டால், குறுகிய பக்கம் 1.5 மீட்டர் உள்ள கண்ணாடியின் விளிம்பில் மீட்டருக்கு 1.125 கிலோநியூட்டன் விசை ஏற்படும். பசைக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 138 கிலோபாஸ்கலால் வகுத்தால் 8.2 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கின்றது. அதாவது ஒரு விரலின் அகலத்துக்கும் குறைவான பசைக்கோடே கண்ணாடியைக் காற்றிலிருந்து காக்கின்றது. அந்தக் கோட்டில் ஒரு பகுதி தூசியின்மேல் ஒட்டப்பட்டிருந்தால் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும்.

இதனால் தொழிற்சாலையில் பின்வரும் சோதனைகள் செய்யப்படுகின்றன:

* தூய்மை: ஒட்டும் பரப்பு கரைப்பானில் நனைத்த ஒரு துணியால் துடைக்கப்பட்டு, கரைப்பான் ஆவியாகுமுன் மற்றொரு உலர்ந்த துணியால் துடைக்கப்படும். ஒரே துணியால் துடைத்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர நீங்காது.
* வண்ணத்துப்பூச்சிச் சோதனை: இருகூறு சிலிக்கோனின் கலவையைச் சிறிதளவு வெள்ளைத் தாளில் இட்டு, தாளை மடித்து அழுத்தி விரிப்பர். கறுப்பு நிறத்தில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் கலவை சரியில்லை.
* முறிவு நேரச் சோதனை: சிறு குவளையில் இட்ட கலவையில் குச்சியைச் செருகி, அவ்வப்போது இழுத்துப் பார்ப்பர். கலவை நூலாக நீளாமல் அறுந்து பின்வாங்கும் நேரம் குறிக்கப்படும். இது உற்பத்தியாளர் தரும் நேரத்துடன் பொருந்த வேண்டும்.
* உரிப்புச் சோதனை: அதே சட்டத்தில் இட்டு இறுகிய பசைப்பட்டையை மடித்து இழுப்பர். பசை தனக்குள்ளேயே கிழிந்தால் ஒட்டுதல் நன்று. பரப்பிலிருந்து சுத்தமாக உரிந்து வந்தால் ஒட்டுதல் தோல்வியாகும்.
* கண்ணாடி பிரிப்புச் சோதனை: முடிந்த கூறுகளில் சிலவற்றின் கண்ணாடியை அறுத்தெடுத்து, பசையின் அகலமும் நிரப்பும் ஒட்டுதலும் நேரடியாக ஆராயப்படும்.

சிலிக்கோன் போதிய அளவு இறுகும் வரை கூறுகளை அசைக்கக் கூடாது. வேலையை விரைவாக முடிக்கும் நெருக்கடியில் மீறப்படும் விதிகளுள் இதுவும் ஒன்று. ஒவ்வொரு கூறுக்கும் எண் இடப்பட்டு, பசையின் தொகுதி எண், ஒட்டிய நாள், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. பின்னாளில் ஒரு தொகுதியில் குறை தெரியவந்தால், அது எந்த மாடியில் எந்த இடத்தில் உள்ளது என்பதை இப்பதிவு மட்டுமே காட்டும்.

பொருத்துதல்

காங்கிரீட்டுத் தளங்களின் விளிம்புகள் வரைபடத்திலிருந்து சில பத்து மில்லிமீட்டர் வரை விலகியிருக்கக் கூடும். திரைச்சுவருக்கு அனுமதிக்கப்படும் விலகலோ சில மில்லிமீட்டர்கள் மட்டுமே. இந்த வேறுபாட்டை ஏற்பதற்காகவே தாங்கிகள் மூன்று திசைகளிலும் நகர்த்தக்கூடியனவாக அமைக்கப்படுகின்றன. வேலை தொடங்குமுன் எல்லாத் தளங்களின் விளிம்புகளும் அளக்கப்பட வேண்டும். அளக்காமல் தொடங்கினால், தாங்கியின் எல்லையையும் மீறிய ஒரு மாடியில் துளையைப் பெரிதாக்குவது, தகடுகளை அடுக்கி நிரப்புவது போன்ற குறுக்குவழிகளுக்கு இட்டுச்செல்லும்.

தாங்கிகள் மறைக்கப்படுமுன் பின்வருவன சோதிக்கப்படுகின்றன:

* நங்கூர ஆணிகள் குறித்த ஆழத்திலும், காங்கிரீட்டு விளிம்பிலிருந்து குறித்த தொலைவிலும் உள்ளனவா என்பது.
* மரைகள் முறுக்குவிசை அளவுள்ள திருகுசாவியால் இறுக்கப்பட்டு, இறுக்கியதற்கு அடையாளமாக வண்ணக்கோடு இடப்பட்டுள்ளதா என்பது.
* எடையைத் தாங்கும் முனை நிலையாகவும், மறுமுனை விரிந்து சுருங்கத் தக்கவாறு வழுக்கும் தன்மையுடனும் உள்ளதா என்பது.
* அலுமினியமும் எஃகும் நேரடியாகத் தொடாதவாறு இடையே தடுப்புத் தகடு உள்ளதா என்பது.

நீர் புகாமை

நவீன திரைச்சுவர்கள் வெளிப்புற அடைப்பை மட்டும் நம்புவதில்லை. சிறிதளவு நீர் உள்ளே வரும் என ஏற்றுக்கொண்டு, அதைச் சட்டத்தின் உள்ளறைகளில் பிடித்து வடிதுளைகள் வழியாக வெளியேற்றுகின்றன. எனவே வடிதுளையை அடைத்துவிடும் ஒரு பசைத்துளி, வெளியே விடுபட்ட அடைப்பைவிடக் கூடுதலான தீங்கைச் செய்யக்கூடும். கசிவைக் கண்டதும் கண்ட இடமெல்லாம் பசை பூசுவது இக்காரணத்தால் தவறான தீர்வாகும்.

கூறுமுறைச் சுவரில், மேல்வரிசைக் கூறுகளை மாட்டுமுன் கீழ்வரிசையின் மேல்கால்வாயில் நீரை நிரப்பி, குறித்த நேரம் வரை நீர்மட்டம் இறங்குகின்றதா எனப் பார்க்கப்படுகின்றது. பொருத்தி முடிந்த பகுதிகளில் ஏஏஎம்ஏ 501.2 முறைப்படி குழாய்நீர்ச் சோதனை செய்யப்படும். இதில் குறித்த அழுத்தத்தில் வரும் நீர் சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீள இணைப்பின்மேல் 5 நிமிடங்கள் பாய்ச்சப்படும். சோதனை கீழிருந்து மேலாக நடைபெற வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் கீழேயுள்ள இணைப்புகளையும் நனைத்து, எந்த இணைப்பு கசிகின்றது என்பதை அறியமுடியாமல் செய்துவிடும்.

தீத்தடுப்பு

தளத்தின் விளிம்புக்கும் திரைச்சுவருக்கும் இடையிலான இடைவெளி ஒவ்வொரு மாடியிலும் தீத்தாங்கும் பாறைக்கம்பளியால் அடைக்கப்பட்டு, அதன்மேல் புகைத்தடுப்புப் பூச்சு இடப்பட வேண்டும். கம்பளி தளர்வாக வைக்கப்படாமல் அழுத்தி இறுக்கமாகச் செருகப்பட வேண்டும். சுவர் அசையும்போதும் வெப்பத்தில் வளையும்போதும் அது கீழே விழக்கூடாது. தாங்கிகளைச் சுற்றியுள்ள மூலைகளே பெரும்பாலும் விடுபடும் இடங்களாகும். தரை முடிப்பு வேலை தொடங்கியபின் இவற்றைப் பார்க்க இயலாது.

ஆய்வுத் திட்டமும் ஆவணங்களும்

எந்தச் சோதனையை யார், எப்போது, எந்த அளவுகோலின்படி செய்ய வேண்டும் என்பதை ஆய்வு மற்றும் சோதனைத் திட்டம் வரையறுக்கின்றது. இதில் சில கட்டங்கள் நிறுத்தப் புள்ளிகள் எனக் குறிக்கப்படும். ஆய்வாளர் ஒப்பமிடும் வரை அடுத்த வேலை தொடங்கக் கூடாது. தாங்கிகளை மூடுதல், தீத்தடுப்பை மூடுதல் ஆகியவை இவ்வகையின. மூடிய பின் ஒப்பமிடப்படும் ஆவணத்திற்குப் பொருள் இல்லை.

முதலில் பொருத்தப்படும் சில கூறுகளைத் தனியாக ஆராய்ந்து ஏற்ற பின்னரே எஞ்சியவற்றைத் தொடர்வதும் பரவலான நடைமுறையாகும். ஒரு மாடியில் திருத்தக்கூடிய தவறு, ஐம்பது மாடிகளில் பரவிய பின் திருத்த இயலாததாகிவிடும்.

பராமரிப்பு

கட்டிடம் ஒப்படைக்கப்பட்டபின் பசை இணைப்புகள், ரப்பர் பட்டைகள், வடிதுளைகள், மேற்பூச்சு ஆகியவை குறித்த கால இடைவெளியில் ஆராயப்பட வேண்டும். கண்ணாடி ஒன்றை மாற்றும்போது, தொழிற்சாலையில் ஒட்டும்போது பின்பற்றிய தூய்மையையும் சோதனைகளையும் உயரத்தில் தொங்கும் மேடையில் நின்று பின்பற்ற வேண்டியிருப்பதால் அது கடினமான வேலையாகும். உற்பத்திக் காலத்துப் பதிவுகள் கட்டிட உரிமையாளரிடம் பாதுகாக்கப்படுவது அப்போது பெரிதும் பயன்படுகின்றது.

இவற்றையும் பார்க்கவும்

* திரைச்சுவர்
* கடினமாக்கிய கண்ணாடி
* சிலிக்கோன்
* வானளாவி
* வெப்ப விரிவு